கம்பியில்லா இணைய நிலையங்களைத் தேசப்படத்திற் குறித்தல்

ஆறு, மலை, வீதி, கட்டடம் முதலிய கட்புலனாகும் பொருள்களைத் தாளிற் குறிப்பதே தேசப்படக் கலையின் பழைய தொழிலாகும். வளியின் அமுக்கம், கடலின் ஆழம், புவிக்காந்தத்தின் திசை ஆகிய காணப்படாதவற்றையும் படத்தில் அமைக்கும் முறை பின்னரே வளர்ந்தது. இருபத்தோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இவ்வரிசையிற் புதியதொரு பொருள் வந்து சேர்ந்தது. பொதுமக்கள் கம்பியின் துணையின்றி இணையத்தோடு தொடர்புகொள்ளத்தக்க இடங்கள் எவை என்பதைக் காட்டும் படமே அது.

இத்தகைய படத்தின் தேவை ஒரு சட்டவிதியிலிருந்து பிறந்தது எனலாம். வானொலி நிலையம் அமைப்போர் அரசாங்கத்திடம் உரிமம் பெறுதல் வேண்டும். ஆதலின் நிலையங்களின் இடம், வலு, மீடிறன் யாவும் பதிவேட்டில் உள்ளன. 1985 ஆம் ஆண்டில் அமெரிக்க ஐக்கிய நாட்டின் மத்திய தொடர்பாடல் ஆணைக்குழு 2400 மெகாஹேட்சை அடுத்த பட்டை உட்படச் சில மீடிறன் பட்டைகளை, குறித்த நிபந்தனைகளுக்கு அமைய, உரிமமின்றி எவரும் தொடர்பாடலுக்குப் பயன்படுத்தலாம் என விதித்தது. நுண்ணலை அடுப்புகளும் இயங்கும் பட்டையாதலின் அதனைப் பெரிதாக மதித்தார் சிலரே. 1997 இல் இப்பட்டைக்குரிய தொழினுட்ப நியமம் வெளியாயிற்று. 1999 இல் அதன் வேகம் செக்கனுக்கு 11 மெகாபிற்றாக உயர்ந்தது. வைஃபை என்னும் வணிகப் பெயரும் அவ்வாண்டிலே சூட்டப்பட்டது. வீடுகளிலும் கடைகளிலும் நிலையங்கள் பல்கின. ஆயினும், உரிமம் இல்லாத இடத்திற் பதிவேடும் இல்லை. எங்கெங்கே நிலையங்கள் உள என்பதை எந்த அரசாங்கமும் அறிந்திலது. அறிய விரும்பியோர் தெருத்தெருவாகச் சென்று தேடவேண்டியதாயிற்று.

தேடல் கடினமானதன்று. ஒவ்வொரு நிலையமும் தன் இருப்பைத் தானே பறைசாற்றும் இயல்பினது. செக்கனுக்கு ஏறக்குறையப் பத்து முறை அது சிறியதோர் அறிவிப்பை வெளியிடும். நிலையத்தின் பெயர், 48 பிற்று நீளமுள்ள அதன் தனியெண், செய்திகள் மறைகுறியாக்கப்படுகின்றனவா என்னும் குறிப்பு ஆகியன அதில் அடங்கும். இவ்வறிவிப்பைக் கேட்டு, கேட்ட இடத்தின் அகலாங்கையும் நெட்டாங்கையும் உடன் எழுதிவைத்தாற் படத்துக்கு வேண்டிய தரவு கிடைத்துவிடும். செய்மதிகள் மூலம் இடமறியும் முறையிற் பொதுமக்களுக்கென வேண்டுமென்றே புகுத்தப்பட்டிருந்த வழுவை 2000 ஆம் ஆண்டு மே மாதத்தில் அமெரிக்க அரசு நீக்கியமை இம்முயற்சிக்குப் பெருந்துணையாயிற்று. அதற்கு முன்னர் நூறு மீற்றர் வரை பிழைபட்ட அளவீடு, அதன்பின் ஒரு வீட்டை அயல்வீட்டிலிருந்து ஏறத்தாழப் பிரித்தறியும் அளவுக்குச் செம்மையுற்றது.

பீற்றர் ஷிப்லி என்பார் 2000, 2001 ஆம் ஆண்டுகளிற் சன் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியில் இக்கருவிகளை மோட்டார் வண்டியில் ஏற்றிச் சென்று நிலையங்களைத் தொகுத்தார். அவர் கண்டவற்றுட் பெரும்பாலானவை எவ்விதக் காப்புமின்றி இருந்தன. 2001 இல் விக்கிள் என்னும் பொதுத்தொகுப்புத் தொடங்கப்பெற்றது. உலகெங்குமுள்ள ஆர்வலர் தாம் கேட்டவற்றை அதனிடம் ஒப்படைத்தனர். இன்று அதிலுள்ள பதிவுகள் நூறு கோடிக்கு மேற்பட்டவை.

இலண்டன் மாநகரில் இம்முயற்சி வேறொரு வடிவம் பெற்றது. 2002 ஆம் ஆண்டு யூன் மாதத்தில் மற் ஜோன்ஸ் என்னும் வடிவமைப்பாளர், அலை எட்டும் இடத்தின் சுவரிலோ நடைபாதையிலோ சுண்ணக்கட்டியாற் குறியிடும் முறையொன்றை முன்வைத்தார். முதுகோடு முதுகு பொருந்திய இரு அரைவட்டங்கள் திறந்த நிலையத்தையும், முழுவட்டம் மூடிய நிலையத்தையும் குறித்தன. குறிக்கு மேலே நிலையத்தின் பெயரும் கீழே வேகமும் எழுதப்படும். அமெரிக்காவில் ஊர்சுற்றித் திரிந்த கூலியாட்கள், உணவு கிடைக்கும் வீடு இது, நாய் உள்ள வீடு இது என அடுத்து வருவோர்க்குக் குறியிட்டு வைத்ததாகச் சொல்லப்படும் வழக்கமே இதற்கு முன்மாதிரி. நிலத்தின் மீதே நிலத்தின் படத்தை வரையும் இவ்வெண்ணம் அழகியது; எனினும் சுவர்களிற் காணப்பட்டதிலும் பத்திரிகைகளிலேயே அது மிகுதியாகக் காணப்பட்டது. இலண்டனின் மழையும் சுண்ணக்கட்டிக்கு நட்பானதன்று.

இவ்விடத்திற் சிக்கலொன்று எழுகின்றது. திறந்திருக்கும் நிலையம் வேறு. பொதுவான நிலையம் வேறு. நியூயோர்க்கிலும் இலண்டனிலும் சில குழுவினர் தம் இணைப்பை அயலாரோடு பகிரும் நோக்குடன் மனமுவந்து திறந்து வைத்தனர். வேறு பலர், கடையில் வாங்கிய கருவி காப்பின்றி வந்தமையால் அறியாது திறந்து வைத்தனர். அலையைக் கேட்கும் கருவிக்கு இவ்விருவரும் ஒருவரே. பூட்டப்படாத கதவு உள்ளே வருமாறு அழைப்பு விடுப்பதில்லை. 2005 ஆம் ஆண்டில் இலண்டனில், பிறரது கம்பியில்லா இணைப்பை அனுமதியின்றிப் பயன்படுத்திய ஒருவருக்கு நீதிமன்றம் 500 பவுண் குற்றப்பணம் விதித்தது. படத்தை நம்பிச் செல்வோர்க்கு இவ்வேறுபாடு சிறியதன்று. ஆகவே, உரிமையாளரின் அனுமதியைக் குறியாத படம் குறையுள்ள படமேயாகும்.

அளவையியல் நோக்கிலும் குறைகள் உள. 100 மில்லிவாற்று வலுவுடன் புறப்படும் அலை திறந்த வெளியில் 100 மீற்றர் சென்றதும், ஏற்புக் கருவியை அடையும் வலு ஒரு மில்லிவாற்றின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கே. தூரம் இரட்டிப்பின் வலு நாலிலொன்றாகும். இது வெற்றுவெளிக்குரிய கணக்கு. ஏறக்குறைய 12 சென்ரிமீற்றர் அலைநீளமுள்ள இவ்வலையைக் கொங்கிறீற்றுச் சுவரும், நீர் செறிந்த இலைகளும், மனித உடலும் விழுங்கும். அன்றியும், கேட்போர் வண்டியில் வீதியோடு செல்பவர். கேட்ட இடங்களின் சராசரியையே நிலையத்தின் இடமெனக் கொள்வர். எனவே வீட்டின் பின்னறையில் உள்ள நிலையம் படத்தில் வீதிக்கு இழுபட்டுவிடுகின்றது. நிலையத்தின் குரல் நமது கருவிக்குக் கேட்டாலும், கருவியின் மெல்லிய குரல் நிலையத்துக்குக் கேளாமற் போதலும் உண்டு. வீடு மாறுவோர் நிலையத்தையும் உடன் கொண்டு செல்வர் என்பதையும் நினைத்தல் வேண்டும்.

இக்குறைகளெல்லாம் இருக்கவே, படத்துக்கு எவரும் எதிர்பாராத பயனொன்று தோன்றிற்று. நிலையங்களின் இடம் தெரிந்தால், அவற்றைக் கேட்பவர் நிற்கும் இடத்தையும் கணித்துவிடலாமன்றோ? 2003 இல் நிறுவப்பட்ட ஸ்கைஹூக் நிறுவனம் இதனையே தொழிலாகக் கொண்டது. 2008 ஆம் ஆண்டு சனவரியில் ஐபோன் கருவி இம்முறையால் இடமறியத் தொடங்கிற்று. செய்மதியின் குறிப்பு எட்டாத கட்டடங்களினுள்ளும் இது பயன்படும். இதற்கு நிலையம் திறந்திருத்தல் வேண்டுவதில்லை. அறிவிப்புக் கேட்டாற் போதும். பொது நிலையங்களைத் தேடப் பிறந்த கலை, இவ்வாறு தனியார் இல்லங்கள் அனைத்தையும் எண்ணும் கலையாயிற்று.

அதன் விளைவு 2010 ஆம் ஆண்டு மே மாதத்தில் வெளிப்பட்டது. வீதிகளைப் படம்பிடித்த கூகிள் நிறுவனத்தின் வண்டிகள் நிலையங்களின் பெயரையும் எண்ணையும் மட்டுமன்றி, காப்பில்லாத நிலையங்களின் ஊடாகச் சென்ற செய்திகளின் துண்டுகளையும் பதிவுசெய்தமை ஜேர்மனியின் ஹம்பேர்க் அதிகாரிகள் தொடுத்த வினாக்களைத் தொடர்ந்து அந்நிறுவனத்தாலேயே ஒப்புக்கொள்ளப்பட்டது. 2013 இல் அமெரிக்காவின் 38 மாநிலங்களுடன் 70 இலட்சம் டொலர் இணக்கமும், ஹம்பேர்க்கில் 145,000 யூரோ தண்டமும் ஏற்பட்டன. நிலையத்தின் பெயரோடு குறித்ததொரு பின்னொட்டைச் சேர்த்தால் அதனைத் தன் தொகுப்பிலிருந்து நீக்குவதாக 2011 இல் அந்நிறுவனம் அறிவித்திருந்தது. வேண்டாதவரே பெயரை மாற்றிக்கொள்ளுக என்பது நியாயத்தைத் தலைகீழாக நிறுத்துவதாகும்.

பொது நிலையங்களை நடத்துவோரே பட்டியலிட்டு வெளியிடுவது இதனினும் செவ்விய வழி. நியூயோர்க் மாநகரம் 2016 முதற் பொதுத் தொலைபேசிக் கூண்டுகள் நின்ற இடங்களில் இணையத் தூண்களை நாட்டி, நகரின் பொது நிலையங்களின் அகலாங்கு நெட்டாங்குகளை எவரும் பெறுமாறு வெளியிட்டது. ஐரோப்பிய ஒன்றியமும் சதுக்கம், பூங்கா, நூலகம் ஆகியவற்றில் நிலையம் அமைக்க உள்ளூராட்சி மன்றங்களுக்கு 15,000 யூரோ வீதம் உதவிற்று.

2020 ஆம் ஆண்டில் நோய்ப்பரவலாற் பாடசாலைகள் மூடப்பட்டபோது இவ்வகைப் படத்தின் பெறுமதி நன்கு விளங்கிற்று. அமெரிக்காவின் வாஷிங்ரன் மாநிலத்தில், வீட்டில் இணைப்பில்லாதோர் வண்டியில் இருந்தவாறே பயன்படுத்துவதற்கெனத் திறக்கப்பட்ட நிலையங்களின் தேசப்படம் வெளியிடப்பட்டது. நூலகம் பூட்டியிருந்தாலும் அதன் அலை வெளிமுற்றம் வரை எட்டியது. அவ்வாறு எட்டும் முற்றம் எது என்பதைப் படம் காட்டிற்று. வண்டியின் பின்னிருக்கையில் அமர்ந்து மாணவர் தம் பாடங்களை ஒப்பித்தனர்.