பொலன்னறுவை: காத்தவர்களின் நகரம்

இலங்கையின் வடமத்திய மாகாணத்தில், கடலென விரிந்த ஓர் ஏரியின் கரையில் அமைந்துள்ளது பொலன்னறுவை. அந்த ஏரிக்குப் பராக்கிரம சமுத்திரம் என்று பெயர். மழைநீரில் ஒரு துளியும் மக்களுக்குப் பயன்படாமல் கடலிற் கலத்தலாகாது என்பது 12ஆம் நூற்றாண்டில் ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் கொள்கை எனச் சூளவம்சம் கூறுகிறது. அவர் தேக்கிய நீர் இன்றும் வயல்களை வாழவைக்கிறது.

தமிழருக்கு இந்நகர் அந்நியமன்று. 11ஆம் நூற்றாண்டில் சோழர் இதனைச் சனநாதமங்கலம் எனப் பெயரிட்டுத் தலைநகராக்கினர். இராசேந்திரனின் அன்னையின் பெயர் தாங்கிய வானவன்மாதேவி ஈச்சரம் என்னும் கற்கோயில் இன்றும் நிற்கிறது. 1070இல் முதலாம் விசயபாகு சோழரை வென்று நகரை மீட்டார்.

ஆயினும் பகையோடு கதை முடியவில்லை. விசயபாகு காலத்தில் புத்தரின் புனிதப் பல்லுக்கென ஒரு கோயில் எழுந்தது. அவரது மறைவுக்குப்பின், அதனைக் காக்கும் பொறுப்பை ஏற்றவர்கள் வேளைக்காரர் என்னும் தென்னிந்தியப் போர்வீரர். உயிரைக் கொடுத்தேனும் அக்கோயிலையும் அதன் உடைமைகளையும் காப்போம் என அவர்கள் தந்த உறுதிமொழி, தமிழிலேயே கல்லில் பொறிக்கப்பட்டுள்ளது. எண்ணிப் பார்க்கத்தக்க செய்தி இது!

நகரின் வடபால் உள்ளது கல் விகாரை. ஒரே கருங்கற்பாறையில் நான்கு புத்தர் சிலைகள் செதுக்கப்பட்டுள்ளன. பள்ளிகொண்ட சிலையின் நீளம் ஏறத்தாழ 14 மீட்டர். 1968 டிசம்பரில் தாமஸ் மெர்ட்டன் என்னும் கத்தோலிக்கத் துறவி இங்கு வந்தார். ஈரப்புல்லில் வெறுங்காலுடன் நடந்து, அம்முகங்களின் அமைதிமுன் மெய்மறந்து நின்றதைத் தம் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். சில நாள்களில், டிசம்பர் 10ஆம் நாள், பாங்காக்குக்கு அருகில் இறைவனடி சேர்ந்தார். பிற சமயத்தாரை மதித்து உரையாடுமாறு இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் விடுத்த அழைப்புக்கு அவருடைய அந்நடை ஓர் அழகிய விளக்கம்.

அருகிலேயே மின்னேரியா, கவுடுல்ல வனவிலங்குப் பூங்காக்கள் உள்ளன. 3ஆம் நூற்றாண்டில் மகாசேனன் கட்டிய மின்னேரியாக் குளம் கோடையில் வற்றும்போது, அதன் படுகையில் இளம்புல் முளைக்கும். அதனை மேய யானைகள் குட்டிகளோடு கூட்டங்கூட்டமாய் வந்து சேரும். கோடையிலும் குளத்தில் நீர் உயர்ந்து நின்றால் புல் மூழ்கிவிடும், யானைகளுக்கு உணவில்லை. உழவனுக்கு நீர் வேண்டும். யானைக்குப் புல் வேண்டும். இரண்டையும் காப்பதே அறிவுடைமை.

அங்குச் செல்லும் குடும்பங்கள் தோளும் முழங்காலும் மறையும் உடை அணிவது நன்று. விகாரையில் காலணியையும் தொப்பியையும் கழற்றுங்கள். சிலைக்கு முதுகுகாட்டி நின்று படம் எடுக்காதீர்கள். வேளைக்காரர் காத்தது தங்களுடைய கோயிலை அன்று, அயலாருடையதை. நம் அயலார் புனிதமெனப் போற்றுவதை நாம் காக்கிறோமா? தம் பிள்ளைகளோடு அந்த ஏரிக்கரையில் உலவும் பெற்றோர், இக்கேள்வியையும் அவர்களோடு பகிர்ந்துகொள்வார்களாக.