மறதியை மறைக்காதீர்கள்

காசிமேட்டில் மீன் விற்ற பெண்களுக்கு எழுத்து தெரியாமல் இருக்கலாம், கணக்கு தெரியாமல் இருக்காது. ஏலத்தில் எடுத்த விலை, ஐஸ் காசு, வண்டிக் கூலி, வட்டி எல்லாம் போக ஒரு கூறு சங்கராவை என்ன விலைக்குக் கொடுத்தால் கட்டும் என்று என் அம்மா நடந்துகொண்டே சொல்லிவிடுவார். பள்ளிக்கூடத்துப் படி ஏறாதவர். அவர் ஒருநாள் இருநூறு ரூபாய் நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு, மீதி எவ்வளவு தரவேண்டும் என்று வாங்க வந்தவரிடமே கேட்டார். சொன்னதையே திரும்பத் திரும்பச் சொன்னதும் அடுப்பை அணைக்க மறந்ததும் வீட்டில் யாருக்கும் பெரிதாகப் படவில்லை. இது உறைத்தது.

தெருவில் எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: "வயசாயிடுச்சுல்ல, ஆயாவுக்கு மறதி." வயதால் வரும் மறதி உண்டு. பேரன் பெயர் நாக்கு நுனியில் நின்று, கொஞ்ச நேரம் கழித்து வரும். ஆனால் ஆயுள் முழுக்கச் செய்த தொழில், நடந்த வழி, வைத்த குழம்பு ஆகியவையே கைவிட்டுப் போனால் அது டிமென்ஷியா என்கிற மறதி நோய். மூளைச் செல்கள் சிதைவதால் வரும் அல்சைமர் இதில் அதிகம். ரத்தக்குழாய் அடைப்பால், பக்கவாதத்துக்குப் பின்னால் வருவதும் உண்டு. இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, ஏறக்குறைய 88 லட்சம் பேருக்கு, இந்த நோய் இருக்கும் என்று 2023-இல் வெளியான தேசிய ஆய்வு மதிப்பிட்டது. ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம்.

எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு இந்த நோயைக் கண்டுபிடிப்பதே சிக்கல். கடிகாரம் வரை, நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழி என்பவை வழக்கமான சோதனைகள். பேனா பிடித்தே அறியாத கை கடிகாரம் வரையாமல் போனால் அது நோயா, படிக்காததா? இந்தக் கேள்வியைத் தீர்த்ததில் சென்னைக்கும் பங்கு உண்டு. 1998-இல் கொச்சியில் உருவான '10/66' ஆய்வுக் குழு, படிப்பு இல்லாதவர்களுக்கும் பொருந்தும் சோதனையை வகுத்தது. உலகின் மறதி நோயாளிகளில் 66 சதவீதம் பேர் வளரும் நாடுகளில் இருந்தும் ஆராய்ச்சியில் 10 சதவீதம்கூட அவர்களைப் பற்றியது இல்லை என்பதுதான் அந்தப் பெயர். சென்னையும் வேலூரும் அந்த ஆய்வின் களங்கள். நோயாளியைக் கேட்பதோடு நிறுத்தாமல், கூட இருப்பவரையும் கேட்பது அதன் முறை: காசைச் சரியாகக் கையாள்கிறாரா? வீட்டு வேலையில் மாற்றம் தெரிகிறதா? அம்மாவுக்குச் சரியான கேள்வி அதுதான்.

சந்தேகம் வந்தால் தள்ளிப்போடாதீர்கள். தைராய்டு குறைவு, பி12 சத்துக் குறைபாடு, மனச்சோர்வு, கீழே விழுந்து தலைக்குள் உறைந்த ரத்தம் எல்லாமே மறதியாகத் தெரியும். இவற்றுக்கு வைத்தியம் உண்டு. எங்கள் பகுதிக்கு ஸ்டான்லி அரசு மருத்துவமனை இருக்கிறது. 1782 பஞ்சத்தில் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரத்தை ஒட்டி வளர்ந்ததால், பழைய ஆட்களுக்கு அது இன்றும் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி. நரம்பியல், மனநலம் இரண்டு பிரிவுமே அங்கே உண்டு. அல்சைமரைக் குணமாக்க மருந்து இல்லை. சில மாத்திரைகள் சிலருக்குக் கொஞ்ச காலம் கைகொடுக்கும். மீதி எல்லாம் வீட்டில்தான்.

அம்மா விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து அன்னக்கூடையைத் தேடுவார். "ஏலத்துக்கு நேரமாச்சு, எங்கடி வெச்ச?" நீ தொழிலை விட்டு வருஷக்கணக்காகிறது என்று சொன்னால் அன்றைய இரவு முழுக்கச் சண்டை. தம்பி பெண்டாட்டிதான் ஒருநாள் சொல்லிப் பார்த்தாள்: "அத்தே, தடைக்காலம் போட்டுட்டாங்க. போட்டு எதுவும் போகல." ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகு கடலுக்குப் போகாது என்பது அம்மாவுக்குள் அழியாமல் இருந்தது. "அப்ப கருவாட்டை வெயில்ல போடு" என்று சொல்லிப் படுத்துக்கொண்டார். அவர் இருக்கும் காலத்துக்கு நாம் போவதை மருத்துவர்களும் சரி என்கிறார்கள்.

புதிய சம்பவங்களைப் பதியும் பகுதியை அல்சைமர் முதலில் தாக்குகிறது. கைப்பழக்கம் மூளையில் வேறு இடங்களில் இருப்பதால் நெடுநாள் நிற்கும். காலையில் சாப்பிட்டது நினைவில்லாத அம்மாவின் முன் நெத்திலியை வைத்தால், விரலாலேயே தலையைக் கிள்ளிக் குடலை உருவி எறிவார். செவுளைப் பிரித்துப் பார்த்து, "நேத்து மீனு, ஏமாந்துட்ட" என்பார். அவர் சொல்வது சரியாகத்தான் இருக்கும். அந்த வேலை நடக்கும்வரை வீடு அமைதி.

நோயின் கொடுமையான பக்கம் தம்பி பெண்டாட்டியின் மேல் விழுந்தது. சுருக்குப்பையை அம்மாவே அரிசிப் பானையில் ஒளித்து வைப்பார். பிறகு, "இவதான் காசை எடுத்துட்டா" என்று வாசலில் நின்று கத்துவார். வைத்தது நினைவில் இல்லாதபோது, திருடு போனது என்று மூளை ஒரு காரணம் கட்டிக்கொள்கிறது. இந்த நோயில் இது சகஜம் என்று தெரிந்த பிறகுதான் அவளால் அழாமல் இருக்க முடிந்தது. குளிப்பாட்டுவது, ஊட்டிவிடுவது, துணி மாற்றுவது எல்லாவற்றையும் செய்கிறவள்தான் திருடிப் பட்டமும் வாங்குகிறாள். தூக்கம் கெட்டு, அவளுக்கே ரத்த அழுத்தம் ஏறியது. இப்போது ராத்திரி என் முறை, ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தம்பி முறை. பணம் கொடுத்துவிட்டேன் என்று மகன்கள் ஒதுங்கிக்கொள்ள இது மருந்துச் செலவு மட்டும் இல்லை.

"புத்தி பேதலிச்சிடுச்சுன்னு சொல்லுவாங்க, வீட்டுல பொண்ணுக்கு வரன் பாக்கணும், வெளிய மூச்சு விடாத" என்று சொந்தக்காரர்கள் தடுத்தார்கள். நாங்கள் எல்லோரிடமும் சொன்னோம். டீக்கடை, ஆட்டோ ஸ்டாண்டு, இட்லிக்கடை அக்கா என ஒருவரையும் விடவில்லை. ஜாக்கெட்டின் உள்பக்கம் செல் நம்பரைத் தைத்துவிட்டோம். அம்மா துறைமுகம் பக்கம் கிளம்பினால், "ஆயா, வா வா, வீட்ல டீ போட்டு வெச்சிருக்காங்க" என்று ஏதாவது ஓர் ஆட்டோ திருப்பிக் கொண்டுவந்துவிடும். ராயபுரத்தில் வீட்டுக்கு வீடு சுவர் ஒட்டியிருப்பது எங்கள் பலம். மறைத்தால் அந்தப் பலத்தை நாமே இழக்கிறோம்.

இந்த நோய் வராமல் பார்த்துக்கொள்ளவும் வழி உண்டு. 2024-இல் 'லான்செட்' மருத்துவ இதழின் ஆணையம் மறதி நோய்க்கான தவிர்க்கக்கூடிய 14 காரணங்களைப் பட்டியலிட்டது. அவற்றைச் சரிசெய்தால் 45 சதவீதம் வரை நோயைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ வாய்ப்பு உண்டு என்றது. படிப்பு குறைவு, காது கேளாமை, காற்று மாசு, ரத்த அழுத்தம், சர்க்கரை, புகை, மிதமிஞ்சிய குடி, தலையில் அடி ஆகியவை அதில் வருகின்றன. எண்ணூரின் அனல்மின் புகை, மணலியின் சுத்திகரிப்பு ஆலை, திருவொற்றியூர் பட்டறைகளின் இரைச்சல், எக்ஸ்பிரஸ் ரோட்டின் கன்டெய்னர் லாரி வரிசை என்று பார்த்தால் அந்தப் பட்டியல் எங்களைப் பற்றி எழுதியது போலிருக்கிறது. காது மந்தமானால் கருவி போடுங்கள். பிரஷர் மாத்திரையை விடாதீர்கள்.

உதவிக்கு முதியோர் உதவி எண் 14567, மனநல ஆலோசனைக்கு 14416. ஸ்கார்ஃப் அமைப்பின் 'டெம்கேர்ஸ்' சென்னையில் மறதி நோயாளிகளுக்கும் குடும்பத்துக்கும் உதவுகிறது. கிண்டியில் தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024-இல் திறக்கப்பட்டது. ஆனால் எண்ணூரிலிருந்து மிரண்டுபோன ஒரு முதியவரைக் கிண்டிக்குக் கூட்டிப் போய் வருவதற்குள் ஒரு நாள் கூலி போய்விடும். 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' ஊழியர்கள் பிரஷர், சர்க்கரை மாத்திரையோடு வீட்டுக்கே வருகிறார்கள். அவர்களே மறதியைப் பற்றியும் நாலு கேள்வி கேட்க அரசு ஏற்பாடு செய்ய வேண்டும். கேட்டுவிட்டுப் போகும்போது, பக்கத்தில் நிற்கும் மருமகளுக்கும் ஒருமுறை பிரஷர் பார்க்கட்டும்.