படிக்கத் திணறும் பிள்ளைக்கு டானிக் எதற்கு?

பள்ளி ஆண்டு முடியும் நேரம் வந்தால் போதும், ஜொகூர் பாருவில் எங்கள் கிளினிக்குக்குப் படிக்கத் திணறும் பிள்ளைகளோடு பெற்றோர் வரத் தொடங்கிவிடுவார்கள். பிள்ளைக்கு 6 வயது. அடுத்து முதலாம் ஆண்டு. "டாக்டர், எழுத்தே மனசுல நிக்கல. ஏதாவது மருந்து கொடுங்க." எப்போதிலிருந்து என்று கேட்டால், "பாலர் பள்ளி டீச்சர் போன வருஷமே சொன்னாங்க" என்பார்கள். அந்த ஒரு வருடம் டானிக் பாட்டில்களோடு போயிருக்கும்.

டானிக், வசம்பு, எண்ணெய்

வல்லாரை மாத்திரை, மீன் எண்ணெய், தெரிந்தவர் வந்து விற்கும் 'மூளைப் பொடி'. எதைக் கொடுத்தாலும் எழுத்தையும் ஒலியையும் சேர்க்கப் பிள்ளைக்குத் தெரிந்துவிடாது. வசம்பை உரைத்து நாக்கில் தடவுகிறார்கள். அதிலுள்ள பீட்டா அசரோன் விலங்குச் சோதனையில் புற்றுநோயை உண்டாக்கியதால், அமெரிக்கா 1968இலேயே வசம்பை உணவில் சேர்க்கத் தடை விதித்தது. காதில் காய்ச்சிய எண்ணெய் ஊற்றுவது அதைவிட மோசம். செவிப்பறையில் ஓட்டை இருந்தால் என்ன ஆகும் என்று யாராவது யோசித்தீர்களா?

வீட்டில் சொல்லும் காரணங்கள்

"சோம்பேறி. ரோத்தான் எடுத்தால் படிப்பான்." பிரம்புக்குப் பயந்த பிள்ளை தெரிந்த எழுத்தையும் மறந்துவிடும்.

"ஆம்பளப் பிள்ள, மெதுவாத்தான் வரும்." பேச்சு கேட்டுக் கேட்டு வரும். வாசிப்பு அப்படி வராது. யாராவது சொல்லிக்கொடுக்க வேண்டும்.

"மூணு மொழி குழப்புது, தமிழை நிறுத்திட்டோம்." பல மொழி கேட்டு வளர்வதால் வாசிப்புக் குறைபாடு வருவதில்லை. டிஸ்லெக்சியா என்ற இந்தக் குறைபாடு உள்ள பிள்ளை எந்த மொழியிலும் திணறும். அதற்கு அதிகச் சொற்கள் தெரிந்த வீட்டு மொழியையும் பிடுங்கிவிட்டால், மிஞ்சுவது என்ன?

"எழுத்தைத் திருப்பிப் போடுறான், டிஸ்லெக்சியாதான்." 7 வயதுவரை பல பிள்ளைகள் அப்படித்தான் எழுதுவார்கள். கவலைப்பட வேண்டிய அறிகுறிகள் வேறு: பேச்சு தாமதமாக வந்தது, 'பல்', 'பந்து' இரண்டும் ஒரே ஒலியில் தொடங்குவது தெரியவில்லை, தினமும் பார்க்கும் எழுத்தின் ஒலி நினைவில் இல்லை, அப்பாவோ அக்காவோ இதே போலத் திணறியிருக்கிறார்கள்.

"ஓகேயு (மாற்றுத்திறனாளி) அட்டை எடுத்தா பேர் கெட்டுடும்." டிஸ்லெக்சியா உறுதியானால், கற்றல் குறைபாட்டுப் பிரிவில் சமூக நலத் துறையிடம் பதியலாம். பதிவது உங்கள் விருப்பம். கௌரவம் பார்த்துப் பிள்ளைக்குக் கிடைக்கும் உதவியைத் தட்டிவிடாதீர்கள்.

பரிசோதனை

முதலில் காது, கண், ரத்தசோகை, தூக்கம். தேவைப்பட்டால் குழந்தை நல நிபுணரின் மதிப்பீடு. அரசு சுகாதார கிளினிக்கிலேயே தொடங்கலாம்.

கெஞ்சிக் கேட்கிறேன்

விடியுமுன் பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய், பிள்ளை தூங்கியபின் வீடு திரும்பும் பெற்றோர் இங்கே ஏராளம். களைப்பு எனக்குப் புரிகிறது. ஆனாலும் உங்கள் இடத்தைக் கைப்பேசி நிரப்ப வேண்டாம். 2 முதல் 4 வயதுவரை திரை நேரம் நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2019இலேயே சொல்லிவிட்டது.

தினமும் பத்து நிமிடம் போதும். மடியில் வைத்து, எழுத்தின் கீழே விரலை நகர்த்தி ஒரு கதை வாசியுங்கள். படிக்கத் தெரியாத பாட்டிகூட 'க'வில் தொடங்கும் பொருள்களைத் தேடச் சொல்லி விளையாடலாம். அதுவும் வாசிப்புப் பயிற்சிதான்.

டீச்சர் 5 வயதில் சொன்னால் 5 வயதிலேயே அழைத்து வாருங்கள். டானிக் வாங்கும் காசில் இரண்டு கதைப் புத்தகம் வாங்குங்கள்.