கட்டிக்கு முன்னே மூச்சு

சிவகாசி, சாத்தூர் வட்டாரத்துப் பட்டாசு ஆலைகளில் வெகுகாலம் உழைத்த ஒருவருக்கு இளைப்புக் கண்டால், வீட்டாரும் அண்டை அயலாரும் “மருந்துத் தூசிதான்” என்று ஒரே வார்த்தையில் தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். தூசியின்மேல் பழி போடுவது சுலபம். ஆனால் அவ்விளைப்பு சில நாட்களுக்குள் முற்றி, படுத்தால் மூச்சு முட்டி, உட்கார்ந்தபடியே இராப்பொழுதைக் கழிக்கும் அவஸ்தை உண்டாகுமானால், நுரையீரலைச் சூழ்ந்த சவ்வுகளுக்கிடையிலோ இருதயத்தின் உறைக்குள்ளோ புற்றுநோயின் விளைவாக நீர் கோத்திருக்கக்கூடும் என்ற சந்தேகமும் எழவேண்டும்.

1933இல் அமெரிக்காவின் செயின்ட் லூயி நகரில் எவார்ட்ஸ் கிரஹாம் என்பவர் ஒரு நோயாளியின் இடது நுரையீரல் முழுவதையும் அகற்றி, நுரையீரல் புற்றுக்கு ரண சிகிச்சை உண்டென நிரூபித்தது மகத்தான காரியமே. ஆயினும் மூச்சுத் திணறி வருகிறவருக்கு உடனே வேண்டியது, விலாவெலும்புகளுக்கிடையே செலுத்தும் ஒரு குழாய்தான். அதன் மறுமுனை கட்டிலுக்குக் கீழே வைத்த புட்டியில் சுமார் 2 சென்டிமீட்டர் ஆழம் நீருக்குள் அமிழ்ந்திருப்பதால், உள்ளிருப்பது வெளியேறுமேயன்றி வெளிக்காற்று உள்ளே புகாது. நோயாளி மூச்சை இழுக்கையில் குழாய்க்குள் நீர்மட்டம் ஏறுவதையும் விடுகையில் இறங்குவதையும் பார்த்தே, அடைப்பில்லை என்று நர்ஸ் தெரிந்துகொள்கிறார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பூலாவ் என்ற ஜெர்மானிய வைத்தியர் வகுத்த ஏற்பாடு இது. எனினும் கோத்த நீரை ஒரேயடியாக வடிப்பதில்லை, 1.5 லிட்டருக்கு மேல் ஒரே தடவையில் இறக்கினால், சுருங்கிக் கிடந்த நுரையீரல் திடீரென விரிந்து, அதற்குள்ளேயே நீர் சுரக்கும் அபாயமுண்டு.

இருதய உறையில் நீர் சேர்வது இதனினும் அவசரமானது. வேகமாகச் சேருமாயின் 200 மில்லிலிட்டரே இருதயத்தை நெருக்கி இரத்த அழுத்தத்தைச் சரித்துவிடும். ஆகவே ஊசியால் நீரை உறிஞ்சி உயிரைக் காத்தபின், அது மறுபடி தேங்காதிருக்க உறையில் சிறு ஜன்னல் ஒன்றைத் திறந்துவிடுகிறார்கள். நீரன்றிக் கட்டியே நெஞ்சின் பெருஞ்சிரையை நெருக்கி, முகம் வீங்கிக் கழுத்து நரம்பு புடைத்து நிற்குமானால் கத்திக்கு வேலை குறைவு. ஸ்டென்டும் கதிர்வீச்சும் கீமோவுமே பெரும்பாலும் கைகொடுக்கும்.

பெரிய சிகிச்சைகளுக்கு மதுரை அரசு இராசாசி மருத்துவமனையை நம்பியிருந்த, சிவகாசியும் சாத்தூரும் அடங்கிய விருதுநகர் மாவட்டத்துக்கு, 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. நெஞ்சைத் திறக்கும் ரண சிகிச்சைக்கு இன்னும் வெளியூர் போக நேரலாம். எக்ஸ்ரே எடுப்பதும் நீர் இறக்குவதும் அருகிலேயே முடிகிற காரியங்கள். “புற்று என்றான பிறகு எதற்கு?” என்று கைவிடுகிறவர்களும் உண்டு, அது தவறு. நீரை இறக்குவதால் நோய் தீராவிடினும், நோயாளி நிம்மதியாகப் படுத்துறங்குகிறார், அடுத்த சிகிச்சையைத் தாங்கும் தெம்பும் பெறுகிறார். இரவில் மூச்சு முட்டினால், விடியட்டும் என்று காத்திராமல் 108ஐ அழையுங்கள்.