தானியத்தைக் காக்கும் பொடிகள்

சித்திரை, வைகாசித் திங்களில் வடநாட்டுச் சந்தைகளில் புதுக் கோதுமை வந்து குவிகின்றது. டில்லி போன்ற நகரங்களில் வாழும் நம்மவர் சிலரும், அண்டை வீட்டாரைப் போலவே, ஆண்டுக்கு வேண்டியதை ஒருசேர வாங்கி வைப்பர். ஊரிலிருந்து வந்த துவரையும் பயறும் அதனருகே இடம் பெறும். ஆடி மாத மழை தொடங்கியதும் வண்டும் தலைகாட்டும்.

வண்டை அடக்க நம் மூதாட்டியர் கையாண்டவை வேப்பிலை, வசம்பு, சாம்பல், செம்மண் ஆகியன. முழுத் துவரைக்குச் செம்மண் குழம்பு பூசி வெயிலில் உலர்த்தி வைப்பது தமிழகச் சிற்றூர்களின் பழைய வழக்கம். இதன் காரணத்தை அறிவியல் பின்னர் விளக்கியது. பூச்சியின் உடல் நீர் வெளியேறாதவாறு மெல்லிய மெழுகுப்படலம் ஒன்று காக்கின்றது. நுண்ணிய துகள்கள் அப்படலத்தைத் தேய்த்துவிட, பூச்சி நீர் வற்றி மடிகின்றது. இங்கிலாந்தின் பூச்சியியல் அறிஞர் விக்கிள்ஸ்வொர்த் 1940-களில் இதனைத் தெளிவுறுத்தினார்.

ஆகவே, பொடியின் வலிமை உலர்ச்சியில் உள்ளது. டில்லியின் கோடையில் நன்கு பயன்படும் சாம்பல், பம்பாயின் மழைக்காலத்தில் ஈரத்தை ஏற்றுத் தளர்ந்துவிடும். மேலும், அரிசி வண்டு மணியைத் துளைத்து உள்ளே முட்டையிடுவதால், அங்கு வளரும் புழுவைப் பொடி எட்டாது. எனவே முதலில் தானியத்தை மெல்லிதாகப் பரப்பிக் கடும் வெயிலில் காயவைத்தல் வேண்டும். 50 பாகை செல்சியஸுக்கு மேல் சூடு ஏறி நின்றால் உள்ளிருக்கும் புழுவும் பிழைப்பது அரிது. மணியைக் கடித்தால் 'கடுக்'கென்று உடைய வேண்டும். சூடு ஆறிய பின்னரே டப்பாவில் இட்டு மூடுக. இன்றேல் உள்ளே வியர்த்துப் பூசணம் பிடிக்கும்.

விதைக்கென வைக்கும் தானியத்தில் கிலோவுக்கு 10 கிராம் வசம்புப் பொடி கலக்கலாம். உண்ணும் தானியத்தில் அதனைக் கலத்தல் கூடாது. வசம்பிலுள்ள அசரோன் என்னும் பொருள் உடலுக்குத் தீங்கு தரக்கூடியது. சமையலுக்குரியதற்கு நிழலில் உலர்த்திய வேப்பிலையைத் துணியில் முடிந்து இடையிடையே வைத்தலே நன்று. சாம்பலோ செம்மண்ணோ சேர்த்திருந்தால், புடைத்துக் கழுவிய பின்னரே உலையிலிட வேண்டும்.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. கோதுமையில் வைக்க அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை எவரேனும் தந்தால் ஏற்காதீர்கள். காற்றின் ஈரம் பட்டதும் அது பாஸ்பீன் என்னும் நச்சுவாயுவை வெளிவிடும். அந்நஞ்சுக்கு முறிமருந்து கிடையாது. மூடிய அறையில் உறங்கிய குழந்தைகள் இதனால் உயிரிழந்த நிகழ்ச்சிகள் வடநாட்டில் பலமுறை நேர்ந்துள்ளன. அது கிடங்குகளில் பயிற்சி பெற்றோர் கையாளற்குரிய பொருள். ஒரு மூட்டை கோதுமையில் வண்டு விழுந்தால் மீண்டும் வாங்கிக்கொள்ளலாம். போன உயிரை மீட்க வழியில்லை. வெயிலும் வேப்பிலையுமே நம் இல்லங்களுக்குப் போதும்.