தைப்பவரின் பெயர்

வினாயகபுரத்தில் நான் நடத்தும் தையல் வகுப்புக்கு ஒருநாள் ஒரு தாய் தன் மகனையும் கூட்டி வந்திருந்தார். பையன் கொப்பியைத் திறக்காமல் விளையாடிக்கொண்டிருந்தான். "படிக்காட்டி செருப்புத் தைக்கத்தான்டா போவாய், சக்கிலியா!" என்று ஏசினார். ஏசியவரின் கையிலும் ஊசியும் நூலும்தான் இருந்தன. எல்லோரும் சிரித்தார்கள். ஒரு பிள்ளை மட்டும் தலையைக் குனிந்துகொண்டாள். அவளுடைய தகப்பன் சுத்திகரிப்புத் தொழிலாளி.

அந்தச் சொல் என் மனதை உறுத்திக்கொண்டே இருந்தது. செருப்புத் தைப்பவருக்குத் தமிழில் செம்மான் என்று பெயர் உண்டு. துன்னர் என்றும் உண்டு. துன்னுதல் என்றால் தைத்தல். துணி தைப்பவரையும் தோல் தைப்பவரையும் சிலப்பதிகாரம் இந்த ஒரே சொல்லின் வழியாகத்தான் குறிக்கிறது. தையல் என்றாலோ பெண் என்றும் பொருள். சப்பாத்து என்பது போர்த்துக்கேயரிடமிருந்து வந்த சொல். அதில் எமக்கு இழிவு தெரியவில்லை. அதைத் தைப்பவரின் பெயர் மட்டும் எப்படி வசைச்சொல்லானது?

மற்ற நாடுகளிலும் இப்படித்தானா? இங்கிலாந்தில் முன்பு புதுச் சப்பாத்து செய்பவருக்கு வேறு பெயர். பழையதைத் திருத்துபவரே கொப்ளர். அரைகுறையாக ஒட்டுப்போடும் வேலைக்கும் ஆங்கிலத்தில் அதே சொல்லைச் சேர்த்துப் பேசுவார்கள். ஆனால் அமெரிக்காவில் பழங்களின் மேல் மாவை இட்டு வேகவைக்கும் ஓர் இனிப்புப் பண்டத்துக்கும் கொப்ளர் என்றே பெயர். அந்தப் பெயரைக் கேட்டால் அங்கே பிள்ளைகள் சந்தோசப்படுவார்கள்.

எம் நாட்டிலோ அது சாதியோடு ஒட்டிக்கொண்டது. பிரித்தானியர் ஆட்சியில் நகரங்களைச் சுத்தம் செய்வதற்காகத் தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட குடும்பங்களை, செருப்பே தைக்காதவர்களையும்கூட, சக்கிலியர் என்றே அழைத்தார்கள். சாதியின் பேரால் ஒருவரைப் பொது இடங்களில் தடுப்பது இலங்கையில் 1957இலேயே சட்டப்படி குற்றமாக்கப்பட்டது. ஆனால் வீட்டுக்குள் வாயிலிருந்து வரும் சொல்லை எந்தச் சட்டம் தடுக்கும்?

தமிழ்நாட்டில் இம்மக்கள் தம்மை அருந்ததியர் என்று அழைக்கிறார்கள். 2009இல் பட்டியல் சாதியினருக்கான 18 வீத இடஒதுக்கீட்டுக்குள் 3 வீதம் அருந்ததியருக்கென ஒதுக்கப்பட்டது. இத்தகைய உள் ஒதுக்கீட்டை இந்திய உச்ச நீதிமன்றம் 2024இல் ஏற்றுக்கொண்டது. கலியாண வீட்டில் மணப்பெண்ணுக்கு அருந்ததி காட்டுகிறோமே, அதே பெயர்தான்!

அடுத்த வகுப்பில் அறுந்த செருப்பொன்றை மேசையில் வைத்து, "இதைத் தைத்துப் பாருங்கள்" என்றேன். இரண்டு ஊசிகள் முறிந்தன. குத்தூசியால் துளையிட்டு, மெழுகு பூசிய நூலை இழுத்து, உடம்பின் பாரம் முழுவதையும் தாங்கும்படி தைப்பது எவ்வளவு சிரமம் என்று அப்போதுதான் எல்லோருக்கும் விளங்கியது. அன்று ஏசிய தாய் ஒன்றும் பேசவில்லை. ஊசியைக் கீழே வைத்துவிட்டு, அந்தப் பிள்ளையின் பக்கத்தில் போய் இருந்தார்.

சகோதரிகளே, பிள்ளைகள் முதலில் சொற்களைக் கற்பது எம்மிடம்தான். அவர்களைத் திருத்த எத்தனையோ நல்ல வார்த்தைகள் இருக்கின்றன. உழைத்து வாழும் ஒருவரின் பெயரை அதற்கு எடுக்க வேண்டாம்.