குழு ஆலோசனையும் சக மாணவர் துணையும்

கல்லூரியின் முதல் ஆண்டில் மாணவர்களைத் தாக்கும் மனநெருக்கடிகள் பெரும்பாலும் புதியவை அல்ல. தமிழ்வழியில் படித்து வந்து ஆங்கிலத்தில் நடக்கும் வகுப்பில் ஒன்றும் புரியாமல் திகைப்பது, குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவர் என்ற பெருமையே சுமையாவது, விடுதியில் உறக்கமின்றித் தவிப்பது, அரியர் விழுந்ததை வீட்டில் சொல்ல முடியாமல் மறைப்பது, சாதியைச் சுற்றிவளைத்துக் கேட்டறியும் பேச்சுகளுக்கு அஞ்சி ஒதுங்குவது என அவை ஆண்டுதோறும் ஏறத்தாழ ஒரே வடிவில் திரும்ப வருகின்றன. ஆயினும், அவற்றில் அகப்பட்ட ஒவ்வொருவரும் இது தமக்கு மட்டுமே நேர்ந்த குறை என்று நம்புகின்றனர். அந்த நம்பிக்கையைத் தகர்ப்பதில்தான் குழு ஆலோசனையின் பயன் தொடங்குகிறது.

குழு ஆலோசனை என்பது, பயிற்சி பெற்ற உளவியல் ஆலோசகர் ஒருவரின் வழிநடத்தலில், ஒத்த சிக்கலுடைய ஆறு முதல் பத்துப் பேர் வாரம் ஒருமுறை ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் கூடிப் பேசி, ஒருவர் வழியாக மற்றவர் தெளிவு பெறும் முறையாகும். கூட்ட அரங்கில் முந்நூறு மாணவர்களை அமர வைத்து, மன அழுத்தத்தைப் பற்றி ஒருவர் சொற்பொழிவாற்றுவது விழிப்புணர்வு நிகழ்ச்சியே அன்றி ஆலோசனை ஆகாது. உண்மையான குழுவில் ஆலோசகர் குறைவாகவே பேசுவார். உறுப்பினர்கள் தம்மை நோக்கிப் பேசுவதை விடுத்து ஒருவரோடொருவர் பேசுமாறு செய்வதும், ஓயாது பேசுபவரை மெல்லத் தடுத்து வாய்திறவாதவருக்கு இடம் ஏற்படுத்துவதும், ஒருவர் அழுதவுடன் மற்றவர்கள் அறிவுரை சொல்லத் தொடங்கினால் அவர்களைச் சற்றுப் பொறுக்கச் செய்வதுமே அவருடைய வேலை. குழுவில் சேர்ப்பதற்கு முன் ஒவ்வொருவரையும் அவர் தனியே சந்திப்பதும் இன்றியமையாதது. ஏனெனில், தற்கொலை எண்ணம் முற்றிய நிலையில் இருப்பவருக்கும் கடும் மனநோய்க்கு ஆட்பட்டவருக்கும் உடனடித் தேவை தனிச் சிகிச்சையே.

இம்முறையின் தொடக்கம் மனநல மருத்துவத்தில் அன்று, காசநோய் மருத்துவத்தில் நிகழ்ந்தது. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் மருத்துவர் ஜோசப் பிராட், காசநோய் இல்லங்களில் தங்கிச் சிகிச்சை பெற வசதியற்ற ஏழை நோயாளிகளை 1905ஆம் ஆண்டு முதல் வாரந்தோறும் ஒன்றுகூட்டி, ஓய்வு, உணவு, தூய காற்று ஆகியவை குறித்துக் கற்பிக்கலானார். அவர் கற்பித்த பாடத்தோடு, ஒரே நோயைச் சுமப்பவர்கள் ஒருவரையொருவர் கண்டு பேசியதால் விளைந்த மனவுறுதியும் அவர்களுக்குத் துணைநின்றது. பிற்காலத்தில் மனநல மருத்துவர் இர்வின் யாலோம், 1970இல் வெளியிட்ட குழு உளச்சிகிச்சை பற்றிய நூலில், குழு எவ்வாறு குணப்படுத்துகிறது என்பதைப் பல காரணிகளாகப் பிரித்துக் காட்டினார். அவற்றுள் மாணவர்க்கு மிகவும் பொருந்துவது பொதுமை, அதாவது தன் துன்பம் தனக்கே உரியதன்று என்பதை ஒருவர் நேரில் உணர்வது. மற்றொன்று, பிறர்க்கு உதவுவதால் உதவியவருக்கே விளையும் நன்மை. தம்மால் யாருக்கும் பயனில்லை என்று நம்பும் ஒரு மாணவி, தம் சொல்லால் எதிரே இருப்பவரின் முகம் தெளிவதைக் காணும்போது, எந்த ஆலோசகரும் தர இயலாத சான்று ஒன்றைத் தம்மைப் பற்றிப் பெறுகிறார். நம்பிக்கையும் இவ்வாறே பரவுகிறது. ஐந்து அரியர்களை ஒவ்வொன்றாக எழுதி முடித்துக்கொண்டிருக்கும் மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவர் அருகில் அமர்ந்திருப்பது, முதன்முறை தோற்றவருக்கு எத்தனையோ அறிவுரைகளினும் மேலானது.

இவையனைத்தும் இரகசியக் காப்பையே சார்ந்துள்ளன. தனி ஆலோசனையில் இரகசியம் காக்க வேண்டியவர் ஆலோசகர் ஒருவரே. குழுவிலோ அத்தனை பேரும் காக்க வேண்டும், அவர்களோ மறுநாள் காலை ஒரே விடுதியில் சாப்பாட்டு வரிசையில் நிற்கப்போகிறவர்கள். எனவே ஒரே வகுப்பினரும் ஒரே அறையில் தங்குவோரும் கூடியவரை வெவ்வேறு குழுக்களில் சேர்க்கப்படுவதும், உயிருக்கு ஆபத்து என்ற நிலையில் மட்டுமே இரகசியம் தளர்த்தப்படும் என்பது முதல் நாளே சொல்லப்படுவதும் நல்லது. யார் என்ன பேசினார் என்று நிர்வாகம் துருவிக் கேட்கத் தொடங்கினால் குழு கலைந்துவிடும். அது கலைவதே நியாயம்.

சக மாணவர் துணை இதனின்று வேறானது. அது சிகிச்சை அன்று. பயிற்சி பெற்ற மாணவர் ஒருவர் தம்மையொத்த மற்றொரு மாணவருக்குச் செவிகொடுப்பதும், தேவைப்படின் அவரை ஆலோசகரிடம் அழைத்துச் செல்வதுமே அதன் எல்லை. பிரிட்டனின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் 1970இல் தொடங்கிப் பிற பல்கலைக்கழகங்களுக்கும் பரவிய நைட்லைன் என்னும் சேவையில், மற்ற அலுவலகங்கள் மூடிய பிறகு, இரவில், மாணவர்களே மாணவர்களின் தொலைபேசி அழைப்புகளை ஏற்று, அறிவுரை கூறாமல் கேட்கின்றனர். இடைமறிக்காமல் கேட்பதும், தன் துன்பத்தோடு ஒப்பிடாதிருப்பதும் இத்தகைய பயிற்சியில் முதலில் கற்பிக்கப்படுபவை. வகுப்புக்கு வராதிருத்தல், உணவைத் தவிர்த்தல், விருப்பமான பொருள்களைப் பிறர்க்குக் கொடுத்துவிடுதல் போன்ற அறிகுறிகளைக் கண்டால், தற்கொலை எண்ணம் உண்டா என்று நேரடியாகவே கேட்கலாம் என்பதும் கற்பிக்கப்படுகிறது. அவ்வாறு கேட்பது இல்லாத எண்ணத்தை விதைத்துவிடும் என்னும் அச்சம் பரவலாக இருப்பினும், அது தவறு என்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன.

ஆனால், ஒன்றுகூட்டுவது எப்போதும் நன்மையே தரும் என்று கொள்வதற்கில்லை. நடத்தைச் சிக்கலுடைய வளரிளம் பருவத்தினரை ஒரே குழுவாகத் திரட்டியபோது, சில வேளைகளில் அவர்களின் தீய பழக்கங்கள் குறையாமல் கூடின என்பதை அமெரிக்க உளவியலாளர் தாமஸ் டிஷியனும் உடன் ஆய்வாளர்களும் 1999இல் சுட்டிக்காட்டினர். செவிகொடுக்கும் மாணவரின் நிலையும் எண்ணத்தக்கது. நள்ளிரவில் தோழரின் வேதனையைக் கேட்டுவிட்டு, காலையில் தேர்வெழுதச் செல்லும் இருபது வயதினருக்கு, அச்சுமையை இறக்கிவைக்க ஓர் இடம் வேண்டும். ஆலோசகர் ஒருவர் அவர்களைத் தவறாமல் சந்தித்து, கேட்டவற்றைப் பேசவைத்து, தோளிலிருந்து இறக்கிவைக்காவிடில், உதவப்போனவரே உதவி தேடும் நிலை வரும்.

இந்திய உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் வழங்கிய தீர்ப்பில், 100 மாணவர்களோ அதற்கு மேலோ பயிலும் கல்வி நிறுவனங்கள், தகுதி பெற்ற ஆலோசகர், உளவியலாளர், சமூகப் பணியாளர் ஆகியோரில் குறைந்தது ஒருவரையேனும் நியமிக்க வேண்டும் என்று நெறிமுறை வகுத்தது. தமிழ்நாட்டில் 2022இல் அரசு தொடங்கிய மனம் என்னும் மனநல நல்லாதரவு மன்றங்கள் மாணவர்களையே முன்னிறுத்துபவை. இவ்விரண்டும் சேர்ந்தே இயங்க வேண்டும். ஆலோசகருக்கான சம்பளத்தை மிச்சப்படுத்தும் வழியாக மாணவர் மன்றத்தைக் கருதும் கல்லூரி, அம்மாணவர்களுக்குத் தீங்கே இழைக்கிறது. கல்லூரி நிர்வாகங்கள் முதலில் ஆலோசகரை நியமித்து, அவர் பொறுப்பில் மாணவர்களைத் தேர்ந்து பயிற்றுவிக்கட்டும். அதுவரையிலும் அதன் பின்னரும், எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கக்கூடிய டெலி மானஸ் உதவி எண்ணான 14416 ஒவ்வொரு விடுதியின் அறிவிப்புப் பலகையிலும் எழுதப்பட்டிருக்கட்டும்.